வேலிக்கம்பாக வந்த மரம்: குலசேகரம் வட்டாரத்துச் சீமைக்கொன்றையின் அடையாளமும் வரலாறும்

கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குமலை அடிவாரத்தில், திருவட்டாற்றுக்கும் பேச்சிப்பாறைக்கும் இடைப்பட்ட நிலத்தில் அமைந்த குலசேகரம் ரப்பரால் பெயர்பெற்ற ஊராகையால், அப்பகுதியில் குடியேறிய அயல்நாட்டு மரம் எது என்று வினவினால் எவரும் ரப்பரையே முதலில் சுட்டுவர். ரப்பரின் வரலாறு ஆண்டுவாரியாகப் பதிவாகியுள்ளது. திருவிதாங்கூரில் வணிக நோக்கிலான முதல் ரப்பர்த் தோட்டம் 1902-இல் தட்டேக்காட்டில் தொடங்கப்பெற்றதும், 1947-இல் ரப்பர்ச் சட்டம் இயற்றப்பெற்று வாரியம் அமைந்ததும், 1984-இல் தமிழ்நாட்டு அரசின் ரப்பர்க் கழகம் தோன்றி கீரிப்பாறை, மணலோடை, சிற்றாறு, கோதையாறு முதலிய பகுதிகளின் தோட்டங்களை ஏற்று நடத்தியதும் யாவரும் எடுத்துக்காட்டக்கூடிய செய்திகளாகும். அந்தத் தோட்டங்களின் எல்லையிலும், விளைகளின், அதாவது மேட்டுத் தோட்டங்களின், வேலியிலும், நல்லமிளகுக் கொடி ஏறும் தாங்குமரமாகவும் நிற்கும் மற்றோர் அமெரிக்க மரமான சீமைக்கொன்றைக்கு இத்தகைய பதிவு வாய்க்கவில்லை. பயன் குறைவு என்பது இதற்குக் காரணமன்று. ரப்பர் விதையாகவும் நாற்றாகவும் அரசு, கம்பெனி ஆவணங்களின் வழியே வந்தது. சீமைக்கொன்றையோ ஒருவர் வேலியிலிருந்து மற்றொருவர் வேலிக்கு வெட்டிய கம்பாகக் கைமாறிப் பரவியது. மரத்தை அடையாளம் காண்பதில் நேரும் தடுமாற்றத்துக்கும் அதன் வரலாறு மங்கிக் கிடப்பதற்கும் இந்தப் பரவல்முறையே பெரும்பங்கு பொறுப்பு என்பதை இக்கட்டுரை காட்ட முற்படுகிறது.

தாவரவியலார் கிளிரிசிடியா செப்பியம் என வழங்கும் இம்மரம் அவரைக் குடும்பமாகிய ஃபேபேசியேவில், பட்டாம்பூச்சி வடிவப் பூக்களை உடைய துணைக்குடும்பத்தைச் சேர்ந்தது. மெக்சிகோவிலும் மத்திய அமெரிக்காவிலும், குறிப்பாகப் பசிபிக் கரையை ஒட்டி, ஆண்டில் சில மாதங்கள் மழையே இல்லாத வறள் இலையுதிர் காடுகள் இதன் தாயகம். பத்து முதல் பன்னிரண்டு மீட்டர் வரை வளரும் இம்மரம் அங்கே வறட்சிக் காலத்தில் இலைகளை முழுதும் உதிர்த்துவிட்டு, வெறுங்கிளைகளில் இளஞ்சிவப்பும் ஊதாவும் கலந்த பூக்கொத்துகளைத் தாங்கி நிற்கும். பூக்கள் காய்த்து, தட்டையான நெற்றுகள் வெயிலில் முறுக்கிக்கொண்டு வெடித்து, வட்டத் தகடு போன்ற விதைகளை இருபத்தைந்து மீட்டர் தொலைவு வரையிலும் வீசியெறியும். உலர்காலத்தின் நீளத்தையும் வெயிலின் கடுமையையும் நம்பி அமைந்த வாழ்க்கைச் சுழற்சி இது.

குலசேகரத்தின் தட்பவெப்பம் இதற்கு நேர்மாறானது. தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் ஒருங்கே பெறும் இம்மலையடிவாரத்தில் உண்மையான உலர்காலம் ஜனவரி முதல் மார்ச் வரையிலான குறுகிய இடைவெளியே. அந்த இடைவெளியிலும் மழை எட்டிப்பார்க்கும் ஆண்டுகள் உண்டு. ஈரம் தொடர்ந்து நிலவும் இடங்களில் இம்மரம் குறைவாகப் பூப்பதும், பூத்தாலும் காய் பிடிக்காமல் போவதும் பல நாடுகளில் கவனிக்கப்பட்டுள்ளன. இதனுடன் மனிதக் கையும் சேர்கிறது. பூங்கொத்துகள் முதிர்ந்த கிளைகளிலேயே தோன்றுவதால், தழைக்காக ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை தலைவெட்டப்படும் வேலிமரம் பூக்கும் பருவத்தை எட்டுவதற்குள் மீண்டும் மொட்டையாகிவிடுகிறது. ஆகவே குலசேகரத்தில் பிறந்து வளர்ந்தோருள்ளும் இம்மரத்தின் இலையை நாள்தோறும் கண்டு அதன் நெற்றை ஒருமுறையும் காணாதோர் இருப்பதில் வியப்பில்லை.

பூவும் காயும் இல்லாத மரத்தை இனங்காண்பது தாவரவியலில் அரைகுறைப் பணியாகவே கருதப்படும். ஏனெனில் லின்னேயஸ் காலந்தொட்டுத் தாவர வகைப்பாடு பூவின் உறுப்புகளையே முதன்மைச் சான்றாகக் கொண்டுள்ளது. உலர்தாவரத் தொகுப்புகளுக்கு மாதிரி சேகரிப்போர் பூவோ காயோ இல்லாத கிளையைப் பெரும்பாலும் எடுப்பதில்லை. வேலியில் நட்டுவைத்த மரம் என்றால் காட்டுத் தாவரங்களைத் தேடிச் செல்லும் ஆய்வாளர் அதைத் திரும்பியும் பார்ப்பதில்லை. இவ்விரு வழக்கங்களும் சேர்ந்து, ஊரில் எங்கும் நிற்கும் ஒரு மரம் தொகுப்புகளில் அருகிப்போகும் விந்தையான நிலையை உண்டாக்குகின்றன. தாவர ஏடுகளை மட்டும் கொண்டு ஒரு வட்டாரத்தின் மரங்களைக் கணிப்பவர் எச்சரிக்கையோடு நடக்க வேண்டிய இடம் இது.

இருப்பினும் இலையையும் பட்டையையும் கொண்டே சீமைக்கொன்றையை ஏறத்தாழ ஐயமின்றித் தெளியலாம். இதன் இலை கூட்டிலை. அதாவது ஒரே காம்பின் இருமருங்கிலும் பல சிற்றிலைகள் அமைந்த இலை. சிற்றிலைகள் பெரும்பாலும் ஏழு முதல் பதினேழு வரை இருக்கும். நுனியில் இணையின்றி ஒரு சிற்றிலை தனித்து நிற்பதால் எண்ணிக்கை ஒற்றைப்படையில் முடியும். நீள்முட்டை வடிவில் கூர்நுனியுடன் அமைந்த சிற்றிலையின் மேற்புறம் பச்சையாகவும் அடிப்புறம் சாம்பல் படர்ந்து வெளிறியும் காணப்படும். முதிர்ந்த சிற்றிலைகளின் அடிப்புறத்தில் கருஞ்செந்நிறத் திட்டுகள் தென்படும். பட்டை சாம்பல் கலந்த பழுப்பு நிறமுடையது. இளங்கிளைகளில் வெண்புள்ளிகளாகப் பட்டைத்துளைகள், அதாவது தண்டு காற்றை உள்வாங்கும் சிறு திறப்புகள், நெருக்கமாகத் தெரியும். வாடிய தழையிலிருந்து எழும் இனிப்பு கலந்த வைக்கோல் மணம் கூமரின் என்ற வேதிப்பொருளால் உண்டாவது. பழக்கமில்லாத மாடும் ஆடும் இம்மணத்தை முகர்ந்தே முதலில் தழையை ஒதுக்குகின்றன.

குலசேகரம் வட்டாரத்தில் இம்மரத்தோடு மயங்கத்தக்கவை எவை என்று பார்த்தால், அவற்றுட் சில அவரைக் குடும்பத்தைச் சேர்ந்தவையே அல்ல. கம்பை வெட்டி நட்டால் துளிர்க்கும் உயிர்வேலி மரங்களான ஒதியனும் அம்பழமும் மாங்குடும்பத்தைச் சேர்ந்தவை. இரண்டுக்கும் ஒற்றைப்படையில் முடியும் கூட்டிலை உண்டு. இரண்டும் கோடையில் இலை உதிர்ப்பவை. தொலைவிலிருந்து நோக்குவோரை ஏமாற்றுவன இவையே. இவற்றைப் பிரித்தறிய இலைக்காம்பின் அடியைப் பார்க்க வேண்டும். அவரைக் குடும்பத்து மரங்களில் காம்பும் சிற்றிலைக்காம்பும் தொடங்குமிடத்தில் இலையதைப்பு எனப்படும் சற்றே வீங்கிய மூட்டு இருக்கும். இலை நிமிர்வதும் தொங்குவதும் அம்மூட்டில் நீர் ஏறி இறங்குவதால் நிகழ்வன. ஒதியனிலும் அம்பழத்திலும் அத்தகைய இயங்குமூட்டு இல்லை. அவற்றின் பட்டையைக் கீறினால் பிசின் கசியும். வேரைத் தோண்டிப் பார்க்க வாய்ப்பிருந்தால் ஐயம் முற்றிலும் தீரும். சீமைக்கொன்றையின் வேர்களில், காற்றிலுள்ள நைட்ரஜனைத் தாவரம் கொள்ளும் உருவுக்கு மாற்றும் ரைசோபியம் என்ற நுண்ணுயிர் தங்கிய சிறு முண்டுகள் காணப்படும். நல்ல நிலையிலுள்ள முண்டை நசுக்கினால் உட்புறம் இளஞ்சிவப்பாக இருக்கும்.

அவரைக் குடும்பத்துக்குள்ளேயே வேறுபாடு காண்பது இதைவிட எளிது. முருக்கு, அதாவது கல்யாண முருங்கை, காம்புக்கு மூன்றே சிற்றிலைகளும் தண்டில் முள்ளும் உடையது. புங்கின் சிற்றிலைகள் எண்ணிக்கையில் குறைந்து, தடித்து, எண்ணெய் பூசியது போல் பளபளப்பவை. அதன் காய் ஒற்றை விதை கொண்ட தடித்த பெட்டி. மஞ்சாடி இருமுறை பிரிந்த கூட்டிலை உடையது. அகத்தியிலும் சரக்கொன்றையிலும் சிற்றிலைகள் இணைஇணையாக முடிவதால் நுனியில் தனிச் சிற்றிலை இராது. கடைசியாகச் சொன்ன கொன்றையின் பெயரையே புதுவரவு தாங்கியிருப்பது ஒரு சிறு குழப்பத்துக்கு இடமளிக்கிறது. சரக்கொன்றையின் மஞ்சட் பூவில் ஐந்து இதழ்களும் ஏறத்தாழ ஒத்தவை. சீமைக்கொன்றையின் பூவில் மேலே ஒரு கொடியிதழும், பக்கங்களில் இரு சிறகிதழ்களும், கீழே இணைந்த படகிதழும் எனப் பயற்றம்பூவின் அமைப்பு காணப்படும். 2017-இல் அவரைக் குடும்பத்தை ஆறு துணைக்குடும்பங்களாக அறிஞர்கள் பிரித்தபோதும் இவ்விரு மரங்களும் வெவ்வேறு துணைக்குடும்பங்களிலேயே வைக்கப்பட்டன. மலையாளத்திலும் சீமைக்கொன்றைக்குச் சீமக்கொன்னை என்பதே பெயராகையால், அரசியல் எல்லை எத்தனை முறை மாறியும் இப்பெயர் குமரியில் மாறவில்லை.

இம்மரத்துக்கு அறிவியற்பெயர் சூட்டிய வரலாறு, அடையாளங்காணல் என்ற பணி எத்தனை தற்செயல்களுக்கு உட்பட்டது என்பதைக் காட்டும். புனித ரோமானியப் பேரரசர் முதலாம் ஃபிரான்சிசின் தோட்டங்களுக்குச் செடிகள் திரட்டுவதற்காக 1755 முதல் 1759 வரை கரீபியத் தீவுகளிலும் அவற்றை அடுத்த கரைப்பகுதிகளிலும் பயணம் செய்த நிக்கோலாஸ் யோசப் ஃபான் ஜாக்குவின், இன்றைய கொலம்பியாவைச் சேர்ந்த கார்த்தகேனாவில் கண்ட ஒரு மரத்தை 1760-இல் ரொபீனியா செப்பியம் என்ற பெயரில் வெளியிட்டார். செப்பியம் என்பது வேலிக்குரியது எனப் பொருள்படும். அவர் இதை வைத்த ரொபீனியா வட அமெரிக்க மரங்களின் பேரினம். அங்ஙனம் வைத்தது முற்றிலும் பிழையென்று கொள்ள முடியாது, ஏனெனில் பிற்கால ஆய்வுகளும் இரு பேரினங்களையும் ஒரே உட்குலத்தின் உறவினராகவே காட்டுகின்றன. ஆனால் கார்த்தகேனா இம்மரத்தின் இயல்பான தாயகத்துக்கு வெளியே உள்ளது எனவும், ஜாக்குவின் கண்டது ஏற்கெனவே மனிதரால் கொண்டுசெல்லப்பட்டு நடப்பட்ட மரமாகலாம் எனவும் பின்வந்த ஆய்வாளர் பலர் கருதுவர். அவ்வாறாயின் உலக அறிவியலுக்கு இம்மரம் அறிமுகமானதே பிறமண்ணின் வேலியில் நின்ற நிலையில்தான். குலசேகரத்து வேலியில் அதைக் காண்பவர் ஜாக்குவின் நின்ற இடத்திலேயே நிற்கிறார் என்று சொன்னாலும் தவறாகாது.

அடுத்த குழப்பம் 19-ஆம் நூற்றாண்டில் தொடங்கியது. ஹும்போல்ட், போன்ப்ளான் ஆகியோரின் அமெரிக்கப் பயணத் தொகுப்புகளை வகைப்படுத்திய கார்ல் சிகிஸ்மண்ட் குந்த், இலையில் திட்டுகளை உடைய ஒரு மெக்சிகோ மரத்துக்கு ரொபீனியா மக்குலாட்டா, அதாவது புள்ளியுடைய ரொபீனியா, எனப் பெயரிட்டார். பின்னர் இவற்றுக்கெனத் தனிப் பேரினமாகக் கிளிரிசிடியா அமைக்கப்பட்டு, 1842-இல் வால்பெர்ஸ் வெளியிட்ட தொகுப்பு வழியே ஜாக்குவினின் மரம் இன்றைய பெயரைப் பெற்றது. எலிக்கொல்லி என்ற பொருளுடைய அந்தப் பேரினப்பெயர், மத்திய அமெரிக்க மக்கள் இதன் பட்டையையும் இலையையும் மக்காச்சோளத்தோடு அரைத்து எலிக்கு நஞ்சாக வைத்த வழக்கத்தை ஒட்டியது. புளித்த நிலையில் கூமரின் குருதி உறைவதைத் தடுக்கும் பொருளாக மாறுவதால் அந்த நஞ்சு வேலைசெய்கிறது. ஆடு மாடு போன்ற அசைபோடும் விலங்குகள் பழகியபின் இத்தழையைத் தின்று தழைப்பதும் எலி மடிவதும் ஒரே மரத்தின் இரு முகங்கள்.

இந்திய வேளாண் நூல்களுக்கு வந்து சேர்ந்தது மேற்சொன்ன இரண்டு பெயர்களில் பிழையானதே. பசுந்தழை உரம் பற்றிய பாடநூல்களும் துண்டு வெளியீடுகளும் நெடுங்காலம் இம்மரத்தைக் கிளிரிசிடியா மக்குலாட்டா என்றே எழுதிவந்தன. இன்றும் சில அவ்வாறே எழுதுகின்றன. இலையின் அடியில் திட்டுகளைக் கண்டவுடன் புள்ளியுடையது என்ற பெயர் பொருந்துவதாகத் தோன்றியிருக்க வேண்டும். ஆனால் திட்டு செப்பியத்தின் இலையிலும் உண்டு. இரண்டும் ஓரினமே என்று ஒருகாலத்தில் பலர் கருதியிருக்க, மேத்யூ லாவின் முதலியோர் 1991-இல் வெளியிட்ட பசுங்கணிக மரபுப்பொருள் ஆய்வும், அவர் மெக்சிகோவின் மாரியோ சோசாவுடன் சேர்ந்து 1995-இல் வெளியிட்ட உட்குல ஆய்வும் இரண்டையும் பிரித்துப் பார்க்கும் கருத்துக்கு வலுவூட்டின. அதன்படி மக்குலாட்டா யுகாத்தான் தீபகற்பத்தையும் அதை அடுத்த பகுதிகளையும் சார்ந்தது. அதன் பூ வெள்ளை. செப்பியத்தின் பூ இளஞ்சிவப்பு; கொடியிதழின் அடியில் மட்டும் வெளிர்மஞ்சள் திட்டு இருக்கும். தென்னிந்தியாவில் வெட்டாமல் விடப்பட்ட சீமைக்கொன்றை பிப்ரவரியை ஒட்டிப் பூக்கும்போது காட்டுவது இளஞ்சிவப்பே. பூவைப் பார்த்திருந்தால் ஒரு நாளில் தீர்ந்திருக்கக்கூடிய ஐயம், இலையை மட்டும் பார்த்ததால் பல தலைமுறை நீடித்தது.

இம்மரம் கடல் கடந்த வழி பெருங்கோடுகளில் தெளிவாகவும் நுணுக்கங்களில் மங்கலாகவும் இருக்கிறது. மெக்சிகோவின் அக்கபுல்கோவுக்கும் மணிலாவுக்கும் இடையே 1565 முதல் 1815 வரை ஓடிய ஸ்பானியக் கப்பல்கள் வழியே அது பிலிப்பைன்ஸை அடைந்தது. அங்கே அதன் பெயரான கக்கவாத்தே மெக்சிகோவின் நாவாட்டில் மொழிப்பெயரின் சாயலைச் சுமக்கிறது. ஸ்பானிய மொழியில் கொக்கோவின் தாய் என்று அழைக்கப்பட்ட அளவுக்குக் கொக்கோச் செடிக்கு நிழல்தரும் மரமாக அது விளங்கியதால், தோட்டப்பயிர் விரிந்த இடமெல்லாம் அதுவும் உடன்சென்றது. இலங்கையில் தேயிலைக்கும் கொக்கோவுக்கும் நிழலாக நிலைபெற்ற இம்மரம் அங்கிருந்தே இந்தியாவுக்கும் தென்கிழக்கு ஆசியாவின் சில நாடுகளுக்கும் பரவியதாக மரநூலார் கூறுவர். தென்திருவிதாங்கூருக்கு அது எப்போது வந்திருக்க முடியாது என்பதற்கு ஓர் எதிர்மறைச் சான்று கிடைக்கிறது. டச்சு ஆளுநர் வான் ரீடின் முயற்சியால் 1678 முதல் 1693 வரை பன்னிரண்டு தொகுதிகளாக ஆம்ஸ்டர்டாமில் அச்சான ஹோர்ட்டஸ் மலபாரிக்கஸ், மலையாளக் கரையின் முருக்கையும் கொன்றையையும் புங்கையும் மஞ்சாடியையும் படத்துடன் விவரிக்கிறது. சீமைக்கொன்றைக்கு அதில் இடமில்லை. இட்டி அச்சுதன் போன்ற நாட்டு மருத்துவரின் துணையோடு ஊர்மரங்களைத் துருவித் தொகுத்த நூல், வேலிதோறும் நின்றிருக்கக்கூடிய மரத்தைத் தவறவிட்டிருக்காது.

வந்த மரம் ஏன் நிலைத்தது என்ற வினாவுக்கு விடை உள்ளூரிலேயே இருக்கிறது. நாஞ்சில் நாட்டு நெல் வேளாண்மையில் குழை மிதித்தல் இன்றியமையாத பணி. பச்சைத் தழையைத் தொளியில் பரப்பிக் காலால் அமுக்கி அழுகச்செய்து நடவுக்கு நிலத்தை ஆயத்தம் செய்வர். தோவாளை, அகஸ்தீஸ்வரம் வட்டங்களின் வயல்களுக்கும், கல்குளம், விளவங்கோடு வட்டங்களின் ஏலாக்கள் எனப்படும் வயல்வெளிகளுக்கும் வேண்டிய குழை மலையடிவாரக் காடுகளிலிருந்தும் விளைகளின் பல்வகை மரங்களிலிருந்தும் கிடைத்துவந்தது. 1887-இலும் 1893-இலும் திருவிதாங்கூர் அரசு இயற்றிய காட்டு ஒழுங்குமுறைகளால் ஒதுக்கிய காடுகளில் கைவைப்பது கட்டுப்படுத்தப்பட்டது. மன்னர் மூலம் திருநாள் ஆட்சியில், பொறியாளர் மிஞ்சினின் பொறுப்பில் எழுந்த பேச்சிப்பாறை அணை 1906-இல் நிறைவுற்றபின் பாசனம் உறுதிப்பட்டது. பயிர் பெருகினால் உரத்தேவையும் பெருகும். மூன்றாவதாக, பலாவும் அயனியும் புளியும் கலந்து நின்ற அடிவார விளைகள் படிப்படியாக ரப்பருக்கு மாறின. ரப்பர் இலை பால் உற்பத்திக்கு மரத்திலேயே இருக்க வேண்டியது. அதைக் குழைக்கு வெட்ட முடியாது. ஆக, ஒருபுறம் தழையின் தேவை உயர, மறுபுறம் தழை தரும் இடங்கள் சுருங்கின. நிலத்தின் பரப்பைக் கொள்ளாமல் எல்லையில் மட்டும் நின்று, வெட்ட வெட்டத் துளிர்த்து, உலர்ந்த நிறையில் ஏறத்தாழ மூன்று விழுக்காடு நைட்ரஜன் கொண்ட தழையைத் தரும் மரம் அந்த இடைவெளியை நிரப்பியது. இம்மூன்று மாற்றங்களையும் ஒருசேர வைத்துப் பாராமல், சீமைக்கொன்றையை வேளாண் துறையின் பரப்புரையால் மட்டும் வந்ததென்று எழுதுவது நிறைவான விளக்கமாகாது.

பரப்புரையின் பங்கும் சிறிதன்று. இரண்டாம் உலகப்போர்க் காலத்து உணவுத் தட்டுப்பாட்டை ஒட்டி 1943-இல் தொடங்கிய அதிக உணவு விளைவிக்கும் இயக்கமும், 1952-இல் தொடங்கிய சமூக வளர்ச்சித் திட்டமும் பசுந்தழை உரத்தை முன்னிறுத்தின. வேலியிலும் வரப்பிலும் உரமரம் நடுமாறு விரிவாக்கப் பணியாளர் ஊர்தோறும் வலியுறுத்தினர். 1956 நவம்பர் 1-ஆம் நாள் தென்திருவிதாங்கூரின் நான்கு வட்டங்களும் கன்னியாகுமரி மாவட்டமாகச் சென்னை மாநிலத்தோடு இணைந்தபோது, திருவனந்தபுரத்துத் துறையின் பரிந்துரை நின்று சென்னைத் துறையின் பரிந்துரை தொடங்கியது; இரு துறைகளும் ஒரே மரத்தையே பரிந்துரைத்ததால் வேலியில் எந்த மாற்றமும் நேரவில்லை. மாற்றம் வேறு திசையிலிருந்து வந்தது. ஆலுவாவை அடுத்த உத்தியோகமண்டலத்தில் 1947-இல் உற்பத்தி தொடங்கிய உரத்தொழிற்சாலையின் அம்மோனியம் சல்பேட்டும், பின்னர் யூரியாவும் கடைகளில் கிடைக்கத் தொடங்கியபின் குழை மிதிப்பதற்கு ஆள் குறைந்தது; நெல்வயல்களே தென்னைக்கும் வாழைக்கும் மாறின.

வயல் கைவிட்ட மரத்தை விளை கைவிடவில்லை. தென்னந்தடத்தில் இடும் தழையாக அதன் பயனைக் காசர்கோட்டிலுள்ள மத்தியத் தோட்டப்பயிர் ஆராய்ச்சி நிலையம் ஆய்ந்து, தென்னைக்கு வேண்டிய நைட்ரஜனில் பெரும்பகுதியை இடைப்பயிராக வளர்த்த சீமைக்கொன்றையே தரக்கூடும் எனப் பரிந்துரைத்தது. 1980-களின் பிற்பகுதியில் சூபாபுல் என்ற மற்றோர் அமெரிக்க அவரை மரத்தைச் சாறுறிஞ்சும் சைலிட் பூச்சி ஆசியா முழுவதும் வாட்டியபோது, மாற்றுத் தீவனமரம் தேடியோரின் கண் கிளிரிசிடியாவின் மேல் விழுந்தது. முருக்கின் வீழ்ச்சி இதைவிட நேரடியானது. 2004-இல் அறிவியலுக்குப் புதிதாக விவரிக்கப்பட்ட ஒரு நுண்குளவி, முருக்கின் தளிரிலும் காம்பிலும் முட்டையிட்டு வீக்கங்களை உண்டாக்கி மரத்தை மடியவைப்பது. 2005-ஐ ஒட்டி அது கேரளத்தில் காணப்பட்டபின் நல்லமிளகுக் கொடி தாங்கிய முருக்குகள் பேரளவில் பட்டுப்போயின. ஹோர்ட்டஸ் மலபாரிக்கஸ் காலத்துக்கு முன்பிருந்தே மிளகைத் தாங்கிய உள்நாட்டு மரத்தின் இடத்துக்குச் சீமைக்கொன்றைக் கம்பு வந்தது இவ்வாறுதான். இலங்கையில் இம்மரத்தின் தகுதி இன்னும் உயர்ந்தது. தேயிலை, ரப்பர், தென்னை ஆகியவற்றுக்கு அடுத்த நான்காவது தோட்டப்பயிராக அரசே அதை ஏற்று, அதன் விறகைக் கொண்டு மின்னாற்றல் பெறும் முயற்சிகளும் நடந்தன.

கம்பாகப் பரவியதன் விளைவு மரத்தின் உள்ளியல்பிலும் பதிந்துள்ளது. ஆறு மாதத்துக்கு மேல் முதிர்ந்த கிளையை ஒரு மீட்டருக்குக் குறையாத நீளத்தில் வெட்டி, மழை தொடங்கும் நாளில் நட்டால் சில வாரங்களில் துளிர்க்கிறது. ஆனால் விதையிலிருந்து எழுந்த மரத்துக்குள்ள ஆணிவேர் அதற்கு அமைவதில்லை, வேர்கள் மேல்மண்ணிலேயே பக்கவாட்டில் படர்கின்றன. மேலும், கம்பிலிருந்து வளர்வது தாய்மரத்தின் மறுபடியே. ஒரு சில மரங்களிலிருந்து வெட்டிய கம்புகள் ஓர் ஊரையே நிரப்பியிருந்தால் அந்த ஊரின் மரங்களெல்லாம் மரபியலில் ஏறத்தாழ ஒன்றாகும். ஆக்ஸ்ஃபோர்டு வனவியல் நிறுவனத்தைச் சேர்ந்த காலின் ஹியூஸ் முதலியோர் 1980-களில் மத்திய அமெரிக்கத் தாயகத்தில் பல இடங்களிலிருந்து விதை திரட்டிப் பல நாடுகளில் ஒப்பிட்டு நட்டபோது, குவாதமாலாவின் ரெட்டல்ஹுலேயு வட்டார விதையும் நிக்கராகுவாவின் பெலேன் ரீவாஸ் வட்டார விதையும் பல இடங்களில் ஏற்கெனவே வழங்கிவந்த உள்ளூர் வகைகளைவிட மிகுந்த தழை தந்தன. பழைய காலனிய அறிமுகங்கள் குறுகிய மரபுவளத்தை மட்டுமே சுமந்துவந்தன என்ற ஐயத்தை அம்முடிவுகள் வலுப்படுத்தின.

எஞ்சியிருப்பது, இம்மரம் குலசேகரத்தில் உண்மையாகவே குடியேறிவிட்டதா என்ற கேள்வி. டேவிட் ரிச்சர்ட்சன் முதலியோர் 2000-ஆம் ஆண்டில் வகுத்த வரையறைப்படி, அயலிலிருந்து வந்த தாவரம் மனிதரின் துணையின்றித் தானே இனப்பெருக்கம் செய்து பல வாழ்க்கைச் சுழற்சிகளாக நிலைத்தால்தான் அது இயல்பாகக் குடியேறிய தாவரமாகும். அங்ஙனமின்றி நட்டவர் கையை நம்பி நிற்பது வெறும் வளர்ப்புத் தாவரமே. வேகமாகப் பரவி உள்ளூர் உயிர்களை நெருக்குவது அதற்கும் அடுத்த படி. தமிழகத்தின் வறண்ட மாவட்டங்களில் சீமைக்கருவேலம் எட்டியிருப்பது அந்தப் படியை. உலர்காலம் நீண்ட நாடுகள் சிலவற்றில் சீமைக்கொன்றை விதையால் பரவிக் குடியேறியதாகப் பதிவாகியுள்ளது. குலசேகரத்தின் ஈரமும் அரிவாளும் சேர்ந்து விதையைத் தடுக்கும் வரையில், இங்குள்ள மரங்களில் மிகப்பெரும்பாலானவை மூன்று தலைமுறை கடந்தும் வளர்ப்பு நிலையிலேயே நிற்கின்றன என்று கொள்வதே பொருத்தம். கைவிடப்பட்ட வேலியில் மரம் உயிரோடிருப்பதை மட்டும் கண்டு குடியேற்றம் என்று பதிவுசெய்வது வரையறைக்கு ஒவ்வாது. நெற்று வெடித்த இடத்தில் நாற்று முளைத்து, அந்த நாற்று மரமாகிப் பூத்திருப்பதைக் காட்டியாக வேண்டும்.

ஆகையால் இவ்வட்டாரத்தின் தாவரங்களைப் பட்டியலிடும் கல்லூரி மாணவரும் ஆசிரியரும் அக்டோபருக்குப்பின் வெட்டாத சீமைக்கொன்றை மரங்களை உழவரிடம் கேட்டுத் தேர்ந்து, பிப்ரவரியில் பூவையும் ஏப்ரலில் நெற்றையும், கிடைத்தால் தாமாக முளைத்த நாற்றையும் இடக்குறிப்போடு உலர்த்தி வைக்க வேண்டும். வேளாண் கையேடுகளை அச்சிடுவோர் மக்குலாட்டா என்ற பெயரை நீக்கிக் கிளிரிசிடியா செப்பியம் எனத் திருத்த வேண்டும்.